பந்து விழுகிறது, வெள்ளை சொன்ன பேச்சு கேட்கவில்லை: பூல் ஆட்டத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

பூல் ஆடக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். பந்து பாக்கெட்டில் விழத் தொடங்கியிருக்கும். ஆனால் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தால், நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து குஷனோடு, அதாவது மேசை விளிம்பின் ரப்பர் பட்டையோடு, ஒட்டி நிற்கும், இல்லையென்றால் வேறொரு பந்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். அடுத்த அடி கஷ்டமானது, அதற்கடுத்தது இன்னும் கஷ்டமானது. மூன்றாவது பந்தோடு முறை கைமாறிவிடும். "எனக்கு பாட் வருகிறது, பொசிஷன்தான் வரவில்லை" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பாட் என்பது பந்தைப் பாக்கெட்டில் போடுவது, பொசிஷன் என்பது அடுத்த அடிக்கு வசதியாக வெள்ளையை நிறுத்துவது.

வெள்ளை நினைத்த இடத்துக்குப் போகாதபோது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நிறப் பந்தைத் தொட்ட அந்தக் கணத்தில் வெள்ளை எந்த நிலையில் இருந்தது? துணிமேல் வழுக்கிக்கொண்டு வந்ததா, முன்னோக்கி உருண்டு வந்ததா, பின்னோக்கிச் சுழன்றபடி வந்ததா? வழுக்கி வந்து மோதினால் அது ஸ்டன். உருண்டு வந்தால் ஃபாலோ. பின்சுழற்சியோடு வந்தால் ஸ்க்ரூ, சிலர் இதை ட்ரா என்பார்கள். க்யூவால், அதாவது அடிக்கும் கோலால், நீங்கள் வெள்ளையை எங்கே அடித்தீர்கள் என்பதைவிட, மோதும்போது எது மிஞ்சியிருந்தது என்பதுதான் முக்கியம். துணியின் உராய்வு வழியெல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. வழுக்கும் பந்து கொஞ்ச தூரத்தில் உருளத் தொடங்கிவிடும். பின்சுழற்சி கரைந்து, ஒரு கணம் வழுக்கலாகி, பிறகு முன்னுருளலாக மாறிவிடும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தால் வருபவை.

முதலில் ஒரு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். மேசையில் வெள்ளையை மட்டும் வையுங்கள். ஒரு குறுகிய பக்கத்தில் இருந்து, எதிர்க் குறுகிய குஷனின் நடு டைமண்டைப் பார்த்து நேராக அடியுங்கள் (டைமண்ட் என்பது மேசையின் மர விளிம்பில் சம இடைவெளியில் இருக்கும் குறி). அடித்த பிறகு க்யூவை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். வெள்ளை திரும்பி வந்து டிப்பை, அதாவது க்யூவின் தோல் நுனியை, தொட வேண்டும்.

குறி சரியாக இருந்தும் பந்து வலப்பக்கம் விலகித் திரும்பினால், மையத்துக்கு வலப்பக்கம் அடித்திருக்கிறீர்கள். இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். வேண்டுமென்று போடாத இந்தச் சைடு, அதாவது பக்கச் சுழற்சி, வெள்ளையின் எல்லாக் கணக்கையும் கெடுக்கும். பத்தில் ஏழு முறையாவது டிப்புக்கு அருகில் திரும்பி வரும்வரை கீழே சொல்லும் மருந்துகள் பாதிதான் பலன் தரும். சலிப்பான பயிற்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றும் ஆடத் தொடங்குமுன் நான் முதலில் செய்வது இதுதான்.

அறிகுறி: நேர் பந்தை அடித்தேன், வெள்ளை நிற்காமல் பின்னாலேயே ஊர்ந்து போகிறது

வெள்ளை நின்றிருக்க வேண்டுமென்றால் அது சுழற்சியே இல்லாமல் வழுக்கி வந்து மோதியிருக்க வேண்டும். எடை சமமான இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதும்போது, ஓடி வந்த பந்து தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஊர்ந்து போகிறது என்றால், மோதுமுன்பே அது உருளத் தொடங்கிவிட்டது.

நடு மையத்தில் சரியாக அடித்தவர்களுக்கும் இது நடக்கும். இரண்டு பந்துக்கும் இடையே ஒரு சாண் தூரம் என்றால் நடுவில் அடித்தால் போதும். அரை மேசை தூரம் என்றால் நடு அடி பாதி வழியிலேயே உருளலாகிவிடும். அதனால் தூரம் கூடக்கூட அடிக்கும் புள்ளி கீழே இறங்க வேண்டும். புறப்படும்போது பின்சுழற்சி இருக்கும், வழியில் அது தேயும், நிறப் பந்தைத் தொடும் இடத்தில் சரியாகத் தீர்ந்துபோகும். வேகமாக அடித்தால் கொஞ்சம் கீழே போதும். மெதுவாக அடித்தால் நன்றாகக் கீழே போக வேண்டும்.

பயிற்சி இது. நிறப் பந்தைப் பாக்கெட்டுக்கு நேராக வையுங்கள். வெள்ளையை ஒரு டைமண்ட் இடைவெளியில் வையுங்கள். ஒன்பது அடி மேசையில் அது சுமார் 32 செ.மீ. வெள்ளை பந்தகலத்துக்குள் நிற்கும்படி தொடர்ந்து ஐந்து முறை வந்தால் இரண்டு டைமண்டுக்குப் போங்கள், பிறகு மூன்று. வேகத்தை மாற்றாதீர்கள், அடிக்கும் உயரத்தை மட்டும் மாற்றுங்கள்.

இதிலேயே இரண்டு துணை அறிகுறிகள் உண்டு. வெள்ளை நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால், சைடு கலந்திருக்கிறது. முதல் சோதனைக்குத் திரும்புங்கள். சுற்றாமல் பக்கவாட்டில் நகர்ந்தால், நிறப் பந்தை நேராகத் தொடவில்லை. பந்து பாக்கெட்டில் விழுந்திருந்தாலும் சற்று ஓரமாகத்தான் விழுந்திருக்கும். கண் கவனிக்காததை வெள்ளை காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: ஸ்க்ரூ வரவே மாட்டேன் என்கிறது

கீழேதான் அடித்தேன், ஆனாலும் பின்னால் வரவில்லை என்பார்கள். கீழே அடித்ததாக நினைப்பதும் உண்மையில் கீழே அடிப்பதும் வேறு. நான் ஏறக்குறைய ஒரு வருடம் இந்த இடத்திலேயே கிடந்தேன். நண்பர் ஒருவர் பக்கவாட்டில் இருந்து செல்போனில் படம் எடுத்துக் காட்டினார். குறி பார்க்கும்போது டிப் கீழே இருக்கிறது. அடிக்கும்போது முழங்கை கீழே விழுந்து, டிப் மேலேறி, கிட்டத்தட்ட நடுவில் தொடுகிறது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் க்யூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேனோ தெரியாது.

படம் எடுக்க ஆள் இல்லையென்றால், கோடுள்ள பந்து ஒன்றை வெள்ளைக்குப் பதிலாக வையுங்கள். கோடு தரைக்கு இணையாகப் படுத்திருக்கட்டும். டிப்பில் சாக் (நழுவாமல் இருக்கத் தடவும் பொடிக்கட்டி) தடவி, கோட்டின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே அடியுங்கள். பந்தை எடுத்துப் பார்த்தால் சாக் பட்ட இடம் தெரியும். எங்கே தொட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. கோட்டின் விளிம்புதான் ஏறக்குறைய எல்லையும்கூட. பந்தின் விட்டம் 57 மி.மீ. தொடும் புள்ளி மையத்தில் இருந்து அதன் கால் பங்கு, அதாவது சுமார் 14 மி.மீ., தாண்டினால் டிப் நழுவிவிடும்.

சாக் தடம் சரியான இடத்தில் இருந்தும் ஸ்க்ரூ வரவில்லையா? அப்படியானால் பின்வருவனவற்றைப் பாருங்கள். பிரிட்ஜ் கை, அதாவது க்யூவின் முன்பக்கத்தைத் தாங்கும் கை, உயரமாக இருந்தால் க்யூ சரிந்து, மேலிருந்து கீழே குத்தும். டிப்பைத் தாழ்த்த க்யூவின் பின்பக்கத்தைத் தூக்காதீர்கள், பிரிட்ஜைத் தாழ்த்துங்கள். க்யூ முடிந்தவரை மட்டமாக இருக்க வேண்டும். அடுத்தது, பயத்தில் வரும் தயக்கம். வெள்ளையைத் தொடும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. டிப் பந்தைத் தாண்டி ஒரு சாண் தூரமாவது துணியை ஒட்டி முன்னால் போய் நிற்க வேண்டும். மூன்றாவது பிடி. இறுகப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், க்யூவின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுழற்சியும் குறையும். குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும்.

வேகத்தைக் கூட்டுவது கடைசி மருந்து. எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான், அதனால்தான் டிப் தடுமாறுகிறது. நிறப் பந்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மெல்லிய அடியில் வெள்ளை ஓர் அடி தூரம் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு தூரத்தைக் கூட்டலாம்.

காசு போட்டு ஆடும் சில சிறிய மேசைகளில் வெள்ளை மற்ற பந்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ கனமாகவோ இருக்கும். அங்கே ஸ்க்ரூ வராமல் இருப்பது உங்கள் கையின் குற்றம் இல்லை. கனமான பந்து மோதிய பிறகும் முன்னால் தள்ளிக்கொண்டுதான் போகும்.

டிப் "டக்" என்று நழுவினால் சாக் போதவில்லை, அல்லது டிப் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் முன்பு சாக் தடவுவது சடங்கு இல்லை, தேவை. இன்று நாம் பயன்படுத்தும் சாக் உண்மையில் சுண்ணாம்பும் இல்லை. 1897-இல் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்தது, உராய்வுக்காகவே செய்யப்பட்ட சொரசொரப்பான பொடி.

அறிகுறி: சாய்வாக வெட்டி அடிக்கும்போது வெள்ளை எந்தப் பக்கம் போகும் என்றே தெரியவில்லை

பொசிஷன் ஆட்டத்தின் இதயம் இதுதான் என்பது என் எண்ணம். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மேசையே வேறு மாதிரி தெரியும்.

வெள்ளை வழுக்கி வந்து, அதாவது ஸ்டன் நிலையில், நிறப் பந்தை வெட்டினால் இரண்டும் 90 டிகிரியில் பிரியும். நிறப் பந்து பாக்கெட்டுக்குப் போகும் கோட்டைப் பாருங்கள். அதற்குச் செங்குத்தாக, வெள்ளை மோதி நிற்கும் இடத்தில் இருந்து ஒரு கோடு இழுங்கள். வெள்ளை அந்தக் கோட்டில்தான் போகும். வெட்டு எவ்வளவு மெலிதாக இருந்தாலும் இது மாறாது.

வெள்ளை உருண்டு வந்து மோதினால் கணக்கு வேறு. கால் பந்து முதல் முக்கால் பந்து வரை (குறிக்கோட்டில் பார்க்கும்போது வெள்ளை நிறப் பந்தை மறைக்கும் பங்கு இது) எவ்வளவு தடிப்பாகத் தொட்டாலும், அது தான் வந்த திசையில் இருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகிப் போகும். ஆட்டத்தில் வரும் வெட்டுகளில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் வந்துவிடுவதால் இதைவிட உபயோகமான எண் ஒன்று கிடையாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்து வி வடிவத்தில் வையுங்கள். நன்றாக விரித்தால் ஏறக்குறைய 30 டிகிரி வரும். வெள்ளை மோதும் இடத்துக்கு மேலே கையை நீட்டி, ஒரு விரலைக் குறி பார்க்கும் திசையில் வைத்தால், வெள்ளை போகப்போகும் வழியை மற்ற விரல் காட்டும். அந்த விரல் ஒரு பாக்கெட்டைக் காட்டினால், அடிக்குமுன்பே ஸ்க்ராட்சை, அதாவது வெள்ளையே பாக்கெட்டில் விழும் தவறை, கண்டுபிடித்துவிட்டீர்கள். அடியை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே பாட், இரண்டு முடிவு. அரைப் பந்து வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டன்னில் வெள்ளை தன் திசையில் இருந்து 60 டிகிரி திரும்பும். உருளலில் 34 டிகிரி அளவுதான். நிறப் பந்து இரண்டிலும் ஒரே பாக்கெட்டில் விழும். வெள்ளை மட்டும் மேசையின் வெவ்வேறு மூலைகளுக்குப் போகும். "நேற்று இதே அடிதானே அடித்தேன், இன்று ஏன் வேறு பக்கம் போகிறது" என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. நேற்று வெள்ளை உருண்டு வந்தது, இன்று நீங்கள் கொஞ்சம் வேகமாக அடித்ததால் வழுக்கி வந்தது.

வேகத்தால் வரும் இன்னொரு குழப்பமும் உண்டு. உருண்டு வரும் வெள்ளை மோதியவுடனே 30 டிகிரி வழியில் ஏறிவிடாது. முதலில் செங்குத்துக் கோட்டில் பாய்ந்து, பிறகு வளைந்து தன் வழிக்குத் திரும்பும். இந்த வளைவு ஒரு பரவளையம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் கோரியோலிஸ் 1835-லேயே நிறுவிவிட்டார். மெதுவாக அடித்தால் வளைவு உடனே முடியும், கண்ணுக்கே தெரியாது. வேகமாக அடித்தால் வெள்ளை செங்குத்துக் கோட்டில் நெடுந்தூரம் ஓடிய பிறகே வளையும். சில சமயம் வளைவதற்குள் குஷனில் மோதிவிடும். நடுவில் ஒரு பந்தைச் சுற்றிப் போக வேண்டுமானால் இந்த வளைவே உங்களுக்கு உதவியாகிவிடும்.

இதைக் கற்க, அரைப் பந்து வெட்டு ஒன்றை அமைத்து, வெள்ளையும் நிறப் பந்தும் இருந்த இடங்களை ஒட்டுத்தாளால் குறித்துவையுங்கள். முதலில் உருட்டி அடியுங்கள். வெள்ளை முதலில் தொட்ட குஷன் இடத்துக்கு மேலே மரத்தின்மேல் ஒரு சாக் கட்டியை வையுங்கள். அதே அடி, ஸ்டன்னில். இன்னொரு சாக் கட்டி. பிறகு ஸ்க்ரூவில் மூன்றாவது. மூன்று கட்டிகளுக்கும் இடைப்பட்ட குஷன் முழுவதும் உங்களுடையது. அடிக்கும் உயரத்தைச் சற்றே மாற்றி அவற்றுக்கு நடுவே எங்கும் வெள்ளையை அனுப்ப முடியும்.

அறிகுறி: திசை சரி, தூரம்தான் எப்போதும் தப்பு

அதிகம் பேர் தோற்பது இங்கேதான். சுழற்சியைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை, வேகத்தைப் பற்றிப் பேச யாருக்கும் பொறுமை இல்லை.

வெள்ளையில் எவ்வளவு வேகம் மிஞ்சும் என்பதை எவ்வளவு தடிப்பாகத் தொடுகிறீர்கள் என்பது தீர்மானிக்கிறது. உருண்டு வந்து நேராக மோதும் வெள்ளை, நிறப் பந்து தடையில்லாமல் ஓடினால் போகும் தூரத்தில் ஆறில், ஏழில் ஒரு பங்குதான் போகும். ஸ்டன்னில் 30 டிகிரி வெட்டு என்றால், அதாவது வெள்ளை வந்த திசையில் இருந்து நிறப் பந்து 30 டிகிரி விலகிப் போனால், நிறப் பந்து வெள்ளையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் போகும். 45 டிகிரியில் இரண்டும் சமம். 60 டிகிரியில் கணக்கு தலைகீழ், வெள்ளைதான் மூன்று மடங்கு ஓடும். மெலிய வெட்டில் வெள்ளையை நிறுத்த முடியாததற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட அடியில் வெள்ளையை அருகிலேயே நிறுத்த முயலாமல், இரண்டு மூன்று குஷன் சுற்றிவிட்டு எங்கே வந்து நிற்கும் என்று யோசியுங்கள். அதைவிட நல்லது, முந்தைய அடியிலேயே மெலிய வெட்டு வராமல் பார்த்துக்கொள்வது.

வேகத்தைக் கையின் பலத்தால் கட்டுப்படுத்தாதீர்கள். க்யூவைப் பின்னால் இழுக்கும் தூரத்தால் கட்டுப்படுத்துங்கள். மெதுவான அடிக்குக் குட்டையாக இழுங்கள், வேகமான அடிக்கு நீளமாக. நீளமாக இழுத்துவிட்டு "ஐயோ, அதிகமாகிவிடும்" என்று கடைசி நொடியில் கையைப் பிடிக்கும்போதுதான் பாட்டும் தவறுகிறது, தூரமும் தவறுகிறது.

ஒரு ஏ4 தாளை மேசையில் எங்காவது விரியுங்கள். எளிய வெட்டு ஒன்றை அமைத்து, பாட்டும் விழ வேண்டும், வெள்ளையும் தாளின்மேல் நிற்க வேண்டும். தாளைத் தாண்டிப் போனால் எவ்வளவு, எட்டாமல் நின்றால் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று இருபது அடிக்குள் தெரிந்துவிடும். புதுத் துணி வழுக்கும், பழைய துணியும் ஈரமான காற்றும் இழுத்துப் பிடிக்கும். அதனால் புது மேசைக்குப் போனால் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கே கொடுங்கள்.

அறிகுறி: சைடு போட்டால் பாட்டே தவறிவிடுகிறது

வலப்பக்கச் சைடு போட்டால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். வெள்ளை குறிக்கோட்டில் இருந்து சற்று இடப்பக்கம் விலகிப் புறப்படும். க்யூ சாய்ந்திருந்தால், போகப்போக வலப்பக்கம் வளையும். மோதும்போது நிறப் பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும். இவை மூன்றும் வேகத்துக்கும் தூரத்துக்கும் தக்கபடி மாறும். தொடக்கத்தில் இதைச் சரிக்கட்ட முயல்வது வீண் சிரமம்.

சைடு, வெள்ளை நிறப் பந்தை விட்டுப் பிரியும் திசையைப் பெரிதாக மாற்றாது. அது வேலை செய்வது குஷனில் படும்போதுதான். ஆகவே வெள்ளை குஷனைத் தொடப்போவதில்லை என்றால் சைடு வேண்டவே வேண்டாம். தொடப்போகிறது என்றாலும், மையத்தின் செங்குத்துக் கோட்டிலேயே மேலே கீழே அடித்து அந்த இடத்துக்குப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். பத்தில் எட்டு முறை முடியும்.

அறிகுறி: இரண்டு பந்து சுலபமாக விழுகிறது, மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறேன்

இது கையின் கோளாறு இல்லை, யோசனையின் கோளாறு. அடுத்த பந்து தெரிகிறதா என்று மட்டும் பார்த்து ஆடுகிறீர்கள். அந்தப் பந்தின் எந்தப் பக்கத்தில் வெள்ளை நிற்க வேண்டும் என்று பார்ப்பதில்லை.

பின்னால் இருந்து யோசியுங்கள். மூன்றாவது பந்தை அடிக்க வெள்ளை எங்கே நிற்க வேண்டும்? அங்கே போக, இரண்டாவது பந்தை எந்தப் பக்கம் இருந்து வெட்டினால் வழி சுலபம்? அந்தப் பக்கத்துக்கு முதல் அடியிலேயே வர வேண்டும். தவறான பக்கத்தில் நின்றுவிட்டால், அரை அடி தூரம் போக வேண்டிய வெள்ளையை மேசையைச் சுற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

நேர் பாட் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நேராக நின்றால் வெள்ளை அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும்தான் போகும். 20, 30 டிகிரி சாய்வு இருந்தால் பாட்டும் கஷ்டமில்லை, வெள்ளைக்கும் வழி திறந்திருக்கும்.

வெள்ளை வந்து நிற்கும் திசையும் முக்கியம். அடுத்த பந்தின் பாட் கோட்டை ஒட்டியபடி வெள்ளை வந்தால், முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் அடி இருக்கும். அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து போனால், சரியான இடம் ஒரு பந்தகலம்தான். வேகம் சற்றுத் தவறினாலும் கோணம் போய்விடும். வேகத்தில் தவறு வரத்தான் செய்யும். தவறினாலும் தாங்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க பூல் ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி 1954-இல் ஒரே தொடரில் 526 பந்து போட்டவர். அவ்வளவு நீளமான தொடர் கடினமான பாட்களால் உருவாவதில்லை. அடுத்தடுத்து எளிய பாட் கிடைக்கும்படி வெள்ளையை நிறுத்திக்கொண்டே போவதால்தான் உருவாகிறது.

பயிற்சிக்கு மூன்று பந்துகளை மேசையில் வீசுங்கள். வெள்ளையைக் கையில் எடுத்து விருப்பமான இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஆனால் வைக்குமுன், எந்தப் பந்து, எந்தப் பாக்கெட், அடுத்து வெள்ளை எங்கே என்று மூன்றுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பந்து விழுந்தாலும் வெள்ளை சொன்ன பக்கத்தில் நிற்கவில்லை என்றால் அந்த ஆட்டம் தோல்வி. எந்த அடியில் தவறியது, மோதும்போது வெள்ளை உருண்டதா வழுக்கியதா என்று பார்த்துவிட்டு, மூன்றையும் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி ஆடுங்கள். பத்தில் ஏழு முறை முடிகிறபோது நான்காவது பந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.